பராமரிப்புக் கட்டணம் குறைவாக உள்ள பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கலாமா?

கேள்வி

வணக்கம். முப்பது ஆண்டுகளைக் கடந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. அதே தெருவில் உள்ள புதிய குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் சதுர அடி விலை குறைவு. மாதப் பராமரிப்புக் கட்டணமோ அவற்றில் பாதிகூட இல்லை. தரகர் இதையே பெரிய சாதகமாகச் சொல்கிறார். பத்திரங்களை வழக்கறிஞர் பார்த்துவிட்டார். வில்லங்கம் ஏதும் இல்லை. ஆனாலும் கட்டணம் எப்படி இவ்வளவு குறைவாக இருக்க முடிகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இத்தகைய குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களும் நிர்வாகத்தில் இருந்தவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

ஐயா, நான் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன். குறைந்த கட்டணம் இரண்டு காரணங்களால் வரும். லிஃப்ட், நீச்சல் குளம் போன்றவை இல்லாத சிறிய கட்டடம் என்றால் செலவே குறைவு. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் செய்ய வேண்டிய வேலைகளை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு அதனால் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கிறார்கள் என்றால், நீங்கள் வாங்கப்போவது வீட்டை மட்டுமல்ல, முன்பிருந்தவர்கள் கட்டாமல் விட்ட கடனில் ஒரு பங்கையும் சேர்த்துத்தான்.

எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியின் நீர்க்கசிவைச் சரிசெய்ய மேல் மாடிக்காரர்கள் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் மன்றாடினார்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், தங்கள் வீட்டில் ஒழுகவில்லையே என்று மறுத்தார்கள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவான சொத்து, அதன் செலவும் பொதுவானது என்பதை விளக்குவதற்குள் ஐந்து ஆண்டுகள் போய்விட்டன. அந்தத் தீர்மானத்தை ஒருமுறை தள்ளிவைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். இறுதியில் வேலை தொடங்கியபோது தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பிகள் வெளியே தெரிந்தன. செலவு முதல் மதிப்பீட்டைப் போல் மூன்று மடங்கானது. பெரிய பழுதுகளுக்கென்று முன்கூட்டியே சேர்த்துவைக்கும் சேமிப்பு நிதி இல்லாததால் ஒவ்வொரு வீட்டுக்கும் சிறப்பு வசூல் விதித்தோம். ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான்.

ஆகவே விலை பேசும் முன் கடந்த மூன்று ஆண்டு வரவு செலவுக் கணக்கையும் பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். சங்கத்தின் வங்கி இருப்பு எவ்வளவு, கட்டணம் நிலுவை வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்பதைப் பாருங்கள். விற்பவரின் பெயரில் நிலுவை இல்லை என்ற சான்றும் வேண்டும்.

பதில் 2

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அதைச் சூழ்ந்த காரத்தன்மைதான் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது; கடலோரமாக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. விரிசல் வழியே நீர் புகுந்தால் துருப்பிடிப்பது இன்னும் வேகமாகும். வெள்ளையடித்து இதை மறைத்துவிடலாம், நிறுத்த முடியாது. வாகன நிறுத்தத்தின் மேற்கூரை, மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதி, கழிப்பறைக் குழாய்கள் இறங்கும் சுவர் ஆகியவற்றை வீட்டின் உள்ளறைகளைவிடக் கவனமாகப் பாருங்கள்.

இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைட் என்ற ஊரில், 1981இல் கட்டப்பட்ட 12 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பெரும்பகுதி 2021 ஜூன் 24 அன்று அதிகாலையில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத் தளத்தின் நீர்த்தடுப்பு பழுதாகி அதன் கீழுள்ள கான்கிரீட் பெரிதும் சேதமடைந்திருப்பதாக 2018இலேயே பொறியாளர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். சீரமைப்புக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் தேவைப்பட்டது. உரிமையாளர்கள் அதற்கான சிறப்பு வசூலைச் செலுத்தத் தொடங்கவிருந்த நேரத்தில்தான் கட்டடம் விழுந்தது. அடுத்த ஆண்டே அம்மாநிலம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய குடியிருப்புகளுக்குக் கட்டமைப்பு ஆய்வையும் சேமிப்பு நிதியையும் கட்டாயமாக்கியது. அதன் பின் பழைய கட்டடங்களில் கட்டணம் ஏறியது, விற்பனைக்கு வந்த வீடுகள் பெருகின, விலை இறங்கியது. அதுவரை அந்த வீடுகளின் விலை உண்மையான செலவைக் காட்டவில்லை என்பதே இதன் பொருள்.

பதில் 3

மேலே சொன்னவை சரியே. எனினும் பழைய கட்டடம் என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. பழைய குடியிருப்புகளில் வீடுகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பிரிபடாத நிலப்பங்கு, அதாவது பொதுவான நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கு, புதியவற்றைவிடப் பல இடங்களில் கூடுதலாக இருக்கும். கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்தாலும் நிலத்தின் மதிப்பு தங்கும். பிற்காலத்தில் இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் உங்கள் கையில் இருப்பது அந்தப் பங்குதான். ஆனால் அதற்கு மற்றவர்களின் இசைவும் வேண்டும்: சிங்கப்பூரில் பத்து ஆண்டுகளைக் கடந்த குடியிருப்பை மொத்தமாக விற்க 80 விழுக்காட்டு இசைவு தேவை. நம் ஒருவர் விருப்பத்தால் நடப்பதன்று.

சேமிப்பு நிதி எவ்வளவு போதும் என்பதற்கு ஓர் அளவுகோலாக மலேசியாவைச் சொல்லலாம். அங்கே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டுமான நிறுவனமும் வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்த கூட்டு நிர்வாகக் குழு இயங்கும் காலத்தில், பராமரிப்புக் கட்டணத்தோடு கூடுதலாக அதில் 10 விழுக்காடு சேமிப்பு நிதிக்குச் செல்ல வேண்டும். முதிர்ந்த கட்டடத்துக்கு அதுவும் போதாது என்பேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று சங்கச் செயலாளரைச் சந்தித்தேன். அவர் எதையும் மறைக்காமல் குறிப்பேட்டையே கையில் கொடுத்தார். சேமிப்பு நிதி என்று தனியாக எதுவும் இல்லை. மூன்று பொதுக்குழுக்களிலும் லிஃப்டை மாற்றுவது, கழிவுநீர்க் குழாய்களை மாற்றுவது ஆகிய இரண்டும் "அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது" என்றே முடிந்திருக்கின்றன. அவ்விரண்டு வேலைகளுக்கும் மதிப்பீடு வாங்கி, அதில் இந்த வீட்டுக்கு வரும் பங்கை விலையில் கழித்துக்கொள்ளும்படி விற்பவரிடம் கேட்கப்போகிறேன். அவர் மறுத்தால் வேறு வீடு பார்ப்பதாக வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.