வளர்ந்த கடுவன் ஒன்றுக்கு வீடு: இந்த மூன்று பேரில் யாருக்குக் கொடுக்கலாம்?

‘மதில்மேல்’ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியது, கீழே மற்றவர்கள் தங்கள் புனைபெயர்களில் எழுதிய பதில்கள்:

வணக்கம். கொழும்புக்குக் கொஞ்சம் வெளியே இருக்கும் ஒரு காப்பகத்துக்கு வார இறுதியில் உதவிக்குப் போய்வருகிறேன். அங்கே ஒரு கடுவன் பூனை, மூன்று வயதளவில் இருக்கும் என்று டொக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். கருத்தடை ஓபரேஷன் செய்தாயிற்று, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டியிருக்கிறது, விசர்நோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் வளர்ந்தவன். வீட்டுக்காரருக்குக் கனடா விசா வந்ததும் சாமானெல்லாம் விற்றுவிட்டு இவனை ஒழுங்கையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு கன நாள் மீன்காரர்களின் பின்னால் திரிந்து, காலில் புண்ணோடு காப்பகத்துக்கு வந்து சேர்ந்தான்.

ஆள் சரியான சாது. ஆனால் கூண்டில் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பான், தட்டில் போட்டதை ஒரு கையால் இழுத்து மூலைக்குக் கொண்டுபோய்த்தான் தின்பான், அதனால் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பக்கத்துக் கூண்டுக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இப்போது அதிசயமாக மூன்று பேர் கேட்கிறார்கள். ஒன்று, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஏழாம் மாடி, இளம் தம்பதி, இரண்டு வயதுக் குழந்தை. இரண்டாவது, புறக்கோட்டையில் அரிசிக் கடை வைத்திருக்கும் ஒரு நானா, எலித்தொல்லை தாங்கவில்லையாம், “சாப்பாட்டுக்குக் குறை வைக்க மாட்டேன் தங்கச்சி” என்கிறார். மூன்றாவது, தெஹிவளையில் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா, தனிவீடு, சின்ன வளவு, தனியாக இருக்கிறார். ஆனால் சுத்த சைவம், குசினிக்குள் மீன் வராது. மூன்று பேரும் நல்ல மனிதர்கள். காப்பகத்திலோ இடமில்லை, சீக்கிரம் யாருக்காவது கொடு என்கிறார்கள். யாருக்குக் கொடுக்கலாம், என்னென்ன கேட்டுப் பார்க்க வேண்டும்?

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அக்கா, நானாவின் மனசில் குறையில்லை, அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் பூனைக்குச் சோறு போடாமல் தாங்கள் சாப்பிடாத ஆட்கள். பிரச்சினை பக்கத்துக் கடை. ஒருவர் பூனை வளர்த்தாலும் அடுத்தவர் எலிமருந்து வைப்பார். அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, இரத்தம் உறையாமல் இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும், பூனைக்கு அதுதான் சுலபமாக அகப்படும். அதைத் தின்றால் பூனைக்கும் விஷம். அது போக லொறியும் மூட்டை சுமக்கிற நாட்டாமிகளின் கைவண்டியும் போகிற தெருவில் வீட்டுக்குள் வளர்ந்தவனைக் கொண்டுபோய் விட்டால் முதல் இரவே ஓடிவிடுவான்.

ஆனால் நானாவை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். எந்தக் காப்பகத்திலும் மனுஷர் தொட்டால் சீறுகிற, வீட்டுக்குள் அடங்காத பூனைகள் இரண்டொன்று இருக்கும். அப்படி ஓபரேஷன் செய்த ஒரு சோடியைக் கொடுங்கள். மூன்று நான்கு கிழமை பின்னறையில் பூட்டி வைத்து அங்கேயே சாப்பாடு போடட்டும், அப்புறம் திறந்துவிட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நிற்கும். பக்கத்துக் கடைகளோடு பேசி மருந்தை நிறுத்துவதும் நானாவின் பொறுப்பு.

ஊசிமருந்து:

மிருக வைத்திய நிலையமொன்றில் வேலை செய்கிறேன், தொடர்மாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பல்கனிக்கு வலை இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்பதை நம்பி இருக்கிறவர்கள்தான் தாடை உடைந்து, நெஞ்சில் அடிபட்ட பூனையைத் துவாயில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். காகம் ஒன்று கம்பியில் வந்து குந்தினால் போதும், பாய்ந்துவிடும். வலை போடச் சொன்னால் ஹார்ட்வெயாரில் இரும்புக் கோழிவலையை வாங்குவார்கள், வெள்ளவத்தைக் கடல்காற்றுக்கு அது கொஞ்ச நாளில் துருப்பிடித்துக் கையோடு வரும். தடித்த நைலோன் வலை, நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். முதலில் மாடிக் கமிட்டி பூனைக்கு அனுமதி தருகிறதா என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். “கேட்டுப் பார்க்கலாம்” என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

குழந்தை இருப்பதால் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை வாலைப் பிடித்து இழுக்கும், தெருவில் அடிபட்டு வந்த பூனை ஒருநாள் திருப்பிக் கீறும். கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள், அங்கே காசில்லை. இதைச் சொல்லும்போது தாயின் முகத்தைப் பாருங்கள், பதில் அதில் இருக்கும்.

யார் எடுத்தாலும் இன்னொன்று: பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கவே கூடாது. அரைக் குளிசை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

கதிரைக்குக் கீழே:

கலியாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரணை இல்லை! நீங்கள் ஆராய்ந்து முடிக்கும்வரை அவன் கூண்டில் இருக்க வேண்டும், நெருக்கமான இடத்தில் ஒன்றுக்குத் தடிமன் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். படம் இல்லாவிட்டாலும் கேட்கிறேன், உடம்பு மணல் நிறமா, வரி காலிலும் வாலிலும் மட்டுமா? அப்படியென்றால் 1984இல் ஒரு இத்தாலிய மிருக வைத்தியர் இங்கிருந்து கொண்டுபோய் ‘சிலோன் கேட்’ என்று தனி இனமாக்கியது இந்த வகையைத்தான். இங்கே ஆட்கள் பேர்ஷியனைக் காசு கொடுத்து வாங்கி இந்த வெக்கையில் சடை பிடிக்க விடுகிறார்கள், ஊர்ப் பூனை ஒழுங்கையில் நிற்கிறது. சரி, என் வோட்டு டீச்சருக்கு.

செவ்வரத்தை:

நானும் டீச்சருக்குத்தான், ஆனால் இரண்டு விஷயம் பேசித் தீர்க்க வேண்டும். நாங்களும் சைவ வீடு, பூனை இருக்கிறது, அதனால் சொல்கிறேன். பூனையைச் சைவமாக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற டோரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். பாலும் சோறும் போதும் என்று எங்கள் அம்மம்மா காலத்தில் வளர்த்தார்களே என்றால், அந்தப் பூனைகள் பின்வளவில் எலியும் ஓணானும் பிடித்துத் தின்றுகொண்டுதான் இருந்தன. பசும்பால் நிறையப் பூனைகளுக்கு வயிற்றாலும் போகும். எங்கள் வீட்டில் கடையில் விற்கிற உலர் தீனிதான், மூடியுள்ள டின்னில் போட்டு வெளி விறாந்தையில் வைத்திருக்கிறோம், பாத்திரம் குசினிக்குள் வராது, வெள்ளிக்கிழமையும் பிரச்சினையில்லை. டீச்சருக்கு இந்த ஏற்பாடு சரிதானா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வற்புறுத்த வேண்டாம்.

மற்றதுதான் பெரிய கேள்வி, அதை மூன்று பேரிடமும் கேட்கலாம். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் பூனை 15 வருஷம்கூட இருக்கும். டீச்சரின் பிள்ளைகள் எங்கே? லண்டனிலோ சிட்னியிலோ இருந்தால், இரண்டு வருஷத்தில் “அம்மா, தனியாக இருக்காதீங்கோ” என்று கூப்பிட்டுவிடுவார்கள், இவன் திரும்பவும் ஒழுங்கையில். எங்கள் ஆட்களிடம் “விசாவுக்குப் போட்டிருக்கிறீர்களா” என்று கேட்டால் ஒருவரும் நேரே பதில் சொல்ல மாட்டார்கள், அதனால் வேறுமாதிரிக் கேளுங்கள்: நீங்கள் ஆறு மாதம் இல்லையென்றால் யார் வந்து சாப்பாடு வைப்பார்கள்? ஒரு பெயர் வந்தால் அந்த ஆளிடமும் பேசிவிடுங்கள். வைத்திருக்க முடியாமல் போனால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். சட்டத்துக்கு அது செல்லுமோ என்னவோ, கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு கூச்சம் இருக்கும்.

மதில்மேல்:

எல்லாருக்கும் நன்றி. கதிரைக்காரரே, நிறம் நீங்கள் சொன்ன மாதிரியேதான், அதற்காக விலை ஏற்றப் போவதில்லை.

டீச்சரிடம் போய்ப் பேசினேன். உலர் தீனிக்குச் சரி என்றார், “அது அதன்ர சாப்பாடு, நான் ஏன் தடுக்க வேணும்” என்றார். மகள் மெல்போனில் இருக்கிறாவாம், கூப்பிடுகிறாவாம், தனக்குப் போக விருப்பமில்லையாம். நம்பலாமா தெரியவில்லை, ஆனால் கேட்டவுடன் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்து அம்மாவை மதிலால் கூப்பிட்டு என் முன்னாலேயே பேசினார், அந்த அம்மாவும் ஓம் என்று தலையாட்டினார். முதல் ஒரு மாதம் வளர்ப்புக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். நானா சோடி எடுக்கச் சம்மதம். தொடர்மாடித் தம்பதியிடம் வலையையும் அனுமதியையும் சொன்னேன், கோபித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை கொண்டுபோகிறேன். முதல் நாட்களுக்கு வேறு ஏதும்?

ஊசிமருந்து:

ஒரு அறை போதும், முழு வீட்டையும் திறந்துவிட வேண்டாம். கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தால் இழுத்து எடுக்காமல், டீச்சர் அந்த அறையிலேயே பேப்பர் வாசிக்கட்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு வளவுக்குள் விடாதீர்கள், வெடி கொளுத்துகிற நாட்களில் அதற்குப் பிறகும் விடாதீர்கள். மலப்பெட்டிக்குக் காப்பகத்தில் மணலோ மரத்தூளோ எது போடுகிறார்களோ அதையே ஒரு பையில் கொண்டுபோங்கள், அவன் பாவித்ததில் ஒரு பிடியும் சேர்த்து, மணம் பிடித்தால் தேடிப் போவான்.