பழைய நீர்மின் நிலையத்தில் 3வது அலகும் 150 மெகாவாட் சோலாரும்: விரிவாக்கமா, வீண் செலவா?

மின்தடம்
பேசுவதற்கு வசதியாக ஒரு கணக்கு. தண்ணீர் விழும் உயரம் 200 மீட்டர், 100 மெகாவாட் பிரான்சிஸ் டர்பைன் (தண்ணீர் அழுத்தத்தில் சுழலும் ஒரு வகைச் சக்கரம்) இரண்டு, மின்சாரத்தை வெளியே கொண்டுபோக 200 மெகாவாட் தாங்கும் லைன். நிறுவனம் இதோடு இன்னொரு 100 மெகாவாட் அலகும் (டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஜோடி), கரையில் 150 மெகாவாட் சோலாரும் சேர்க்கிறது. நான் ஆதரிக்கிறேன். சோலார் சராசரியாக 20% திறனில் ஓடினாலும் நாளுக்கு 7.2 லட்சம் யூனிட். இந்த உயரத்தில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 2 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். ஆக, தினம் 14 லட்சம் கன மீட்டருக்கு மேல் அணையிலேயே நிற்கும். சாயங்கால உச்சத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

மதகடி
சோலார் சரி. 3வது அலகு எதற்கு? அணைக்கு வரும் தண்ணீர் அதேதான். வெள்ளக் காலத்தில் வழிந்தோடுவதைப் பிடித்தால்தான் யூனிட் கூடும். 200 மெகாவாட் லைனில் 300ஐ எப்படி அனுப்புவீர்கள்?

இன்னொன்று, டர்பைனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய சுரங்கத்திலேயே 3வதையும் கோத்தால் ஓட்டம் ஒன்றரை மடங்காகும். உராய்வு இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். நீர் உயரத்தில் 4 மீட்டர் இழப்பு 9 ஆகிவிடும். புதுசு ஓடும்போது பழைய இரண்டும் சேர்ந்து இளைக்கும்.

மின்தடம்
லைன் விஷயம் நியாயம், கம்பியை மாற்றாமல் 3வது அலகு வேண்டாம். ஆனால் சோலாரும் நீரும் ஒரே லைனைப் பங்குபோடுவது சோதித்துப் பார்த்த வழி. சீனாவில் மஞ்சள் ஆற்றின் லாங்யாங்சியா அணையில் 1280 மெகாவாட் நீர்மின்சாரத்தோடு 850 மெகாவாட் சோலாரை இணைத்து ஓட்டுகிறார்கள்.

மதகடி
அங்கே 320 மெகாவாட் அலகு நான்கு. எத்தனை ஓடுவது என்று மாற்றிக்கொள்ள இடமிருக்கிறது. இங்கே லைனை நிரப்பப் பார்த்தால், நடுப்பகலில் சோலார் 150 கொடுக்கும்போது நீருக்கு மிச்சம் 50. ஒரு டர்பைன் சரிபாதி சுமையில் ஓடும். பிரான்சிஸ் டர்பைனுக்கு ஆகவே ஆகாத இடம் அது. பெரும்பாலும் 40 முதல் 60 சதவீதத்தில்தான் டர்பைனுக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் குழாயான டிராஃப்ட் டியூபில் தண்ணீர் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு சுழலும், அழுத்தம் துடிக்கும், வருடக்கணக்கில் அப்படியே ஓட்டினால் ரன்னர் எனும் சுழல் சக்கரத்தின் இறக்கை அடியில் விரிசல் விழும். மேகம் வந்து போகும்போதெல்லாம் அந்த எல்லையைத் தாண்டித் தாண்டி வர வேண்டும்.

மின்தடம்
பகலில் லைனை நிரப்பியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நீரலகை நிறுத்திவிடலாமே.

மதகடி
பாசனத்துக்கு வினாடிக்கு 50 கன மீட்டர் விட வேண்டிய மாதங்களில் நிறுத்த முடியாது. அந்தத் தண்ணீரே 88 மெகாவாட். சோலாருக்கு 112தான் இடம். மிச்சம் 38ஐ வெட்டி எறிய வேண்டும். தினமும் நிறுத்தி எழுப்பினால் சுழலும் எடையைச் சுமக்கும் உந்துத் தாங்கியும், ஜெனரேட்டரின் நிலைச் சுருளான ஸ்டேட்டரின் மின்காப்பும் வேறு சீக்கிரம் தேயும்.

பேனல்வாசி
இடையில் நுழைகிறேன். 38 என்பது ஏட்டுக் கணக்கு. வெயிலில் பேனல் 60 டிகிரி தொடும். 25க்கு மேல் டிகிரிக்கு சுமார் 0.35% இழப்பு என்றால் அதிலேயே 12% போச்சு, தூசி தனி. ஆனால் பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் 150க்குப் பேனலை 190 போட்டிருந்தால் மதகடி சொல்வதே சரி. டெண்டரில் முதலில் பார்க்க வேண்டியது அந்த விகிதத்தைத்தான்.

கரையில் இடமில்லை, மிதவையில் போடலாம் என்று பிறகு யாராவது கிளம்புவார்கள். கோடையில் நீர்மட்டம் 20, 30 மீட்டர் இறங்கும் அணையில் நங்கூரக் கயிறு தொய்ந்து, மிதவை சரிவில் தரைதட்டி, இணைப்பு ஊசிகள் உடையும்.

மின்தடம்
பாசனத்துக்கு வழி இருக்கிறது. கீழே ஒரு சமன்படுத்தும் தேக்கம். பகலில் 6 மணி நேரம் டர்பைனை நிறுத்தி வைக்க 10.8 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போதும். வாய்க்காலுக்கு அங்கிருந்து சீராக விடலாம். 3வதாக 100க்குப் பதில் 40 மெகாவாட் சின்ன அலகு போட்டால், லைனில் மிச்சமுள்ள 50க்குள் அது முழுச் சுமையிலேயே ஓடும், பாதிச் சுமைத் தொல்லையும் பெரும்பாலும் தீரும்.

மதகடி
40 என்றால் எதிர்க்க மாட்டேன். தேக்கத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன்: வண்டல் யார் அள்ளுவது? மேலே இரண்டு டர்பைனையும் முழுசாக ஓட்ட திடீரென்று வினாடிக்கு 113 கன மீட்டர் திறந்தால், அணைக்கும் தேக்கத்துக்கும் நடுவில் ஆற்றில் இறங்கி நிற்பவர்கள் கதி? முதலில் இப்போதுள்ள இரண்டு அலகிலும் 10 மெகாவாட் படியாக ஏற்றி அதிர்வை அளந்து வெளியிடட்டும், ஒரு முறை அணை நிறைந்திருக்கும்போது, ஒரு முறை இறங்கியிருக்கும்போது. அதிர்வு கூடும் கரடுமுரடான எல்லை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்காது.