இன்டகிரேட்டட் காலேஜா, சாதா ஜூனியர் காலேஜா?

செம்பூர் அம்மா:
பையன் பத்தாவது முடித்துவிட்டான். இங்கே மும்பையில் பதினொன்று, பன்னிரண்டாவதையும் நுழைவுத் தேர்வு கோச்சிங்கையும் சேர்த்து நடத்துகிற இன்டகிரேட்டட் காலேஜ்தான் அடுத்து என்கிறார் வீட்டுக்காரர். நாள் முழுக்க கோச்சிங் கிளாஸ்; காலேஜ் வருகைப் பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

தாராவிக்காரன்:
யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள் அக்கா. ஜேஇஇ மெயின் என்கிற பொறியியல் நுழைவுத் தேர்வில் 3 மணி நேரத்தில் 75 கேள்வி; தப்பானால் ஒரு மார்க் போகும். எதைத் தொடுவது, எதை விடுவது என்பது பழகினால்தான் வரும். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவர் யாருமில்லை, அப்பா தோல் பட்டறையில் இருந்தார். எனக்கு வழி காட்டியது கோச்சிங் வாத்தியார்தான்.

லேப் வாத்தியார்:
பரீட்சை வரைக்கும் தம்பி சொல்வது சரி. நான் பொறியியல் முதலாண்டுக்கு லேப் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன், நல்ல பர்சன்டைல் வாங்கியவன். தாடை வைத்த அளவுகோலான வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுன்ட், அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, கேட்டதும் 0.01 செ.மீ. என்று பட்டென்று சொன்னான். கம்பியை அளக்கச் சொன்னேன். தாடைகளை மூடி, பூஜ்யமும் பூஜ்யமும் சேர்கிறதா என்று பார்க்கவே இல்லை. அது 0.03 செ.மீ. தள்ளி நிற்கிற பழைய சாமான். மூன்று தடவை அளந்தான், மூன்றிலும் அதே தப்பு, அப்புறம் சராசரி வேறு எடுத்தான்! பன்னிரண்டாவதில் ஜர்னலை, அதாவது செய்முறை நோட்டை, பார்த்தெழுதி இயற்பியல் செய்முறைக்கு 30 மார்க்கையும் வாங்கி வருகிறார்கள்.

தாராவிக்காரன்:
பூஜ்யப் பிழையை நீங்கள் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம் சார். சீட் கிடைக்காதவன் உங்கள் லேப் வாசலுக்கே வர முடியாதே? சாதா காலேஜில் மட்டும் லேப் திறந்தா கிடக்கிறது?

மாட்டுங்கா மாமி:
அதுவும் உண்மைதான். பேத்தி காலேஜில் ஆறு பேருக்கு ஒரு காலிப்பர். ஆனால் எல்லோரும் ஐஐடியையே பிடித்துக்கொண்டு தொங்குவானேன்? மகாராஷ்டிராவின் நுழைவுத் தேர்வான எம்ஹெச்டி சிஇடியில் மைனஸ் மார்க் கிடையாது, 200 மார்க்கில் 100 கணக்குக்கு. போர்டு புத்தகத்தை ஊன்றிப் படிக்கிற பிள்ளைக்கு அது தோதான பரீட்சை. எங்கள் தெருவுக்குப் பக்கத்து விஜேடிஐ பொறியியல் காலேஜுக்கே அந்த வழியாகப் போகலாம், கட்-ஆஃப் லேசில்லை என்பது வேறு விஷயம்.

லேப் வாத்தியார்:
செம்பூரிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் மான்குர்ட். அங்குள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் இணையதளத்தில் ஒலிம்பியாடு என்கிற அறிவியல் போட்டியின் பழைய தாள்கள் இலவசம். காசு கட்டுவதற்கு முன் பையனிடம் கொடுத்துப் பாருங்கள், முகத்திலேயே தெரியும்.

செம்பூர் அம்மா:
சரி சார். சனிக்கிழமை இரண்டு இடத்துக்கும் போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லப் போகிறேன். பீஸ் பேச்சு அப்புறம்.

தாராவிக்காரன்:
சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், அக்கா.