தண்டர்பேர்ட்ஸ் பொம்மை சீரியல்ல இவ்வளவு ஷூட்டிங் தப்பு ஏன்? கம்பிய எப்படி மறைச்சாங்க?

அஸ்தம்பட்டி அப்பா:
வணக்கம்ங்க. நானும் ஏழாவது படிக்கற என் பொண்ணும் ஒரு மாசமா ராத்திரி சாப்பிட்டுட்டு தண்டர்பேர்ட்ஸ் பாத்துட்டு இருக்கோம், 1965ல பிரிட்டன்ல வந்த பழைய பொம்மை சீரியல், மொத்தம் 32 எபிசோடு. அவளுக்கு கதைய விட தப்பு கண்டுபிடிக்கறதுல ஆர்வம், தனியா ஒரு நோட்டு போட்டு எழுதி வெச்சிருக்கா. தலைக்கு மேல கம்பி பளபளன்னு தெரியுது, பட்டன் அமுக்கற க்ளோசப் வந்தா நிஜ மனுசன் கை, நகமெல்லாம் தெரியுது, அடுத்த ஷாட்ல மறுபடி பொம்மை கை. அந்த பெரிய தண்டர்பேர்ட் 2 விமானம் எல்லா எபிசோடுலயும் ஒரே பச்சையா இல்ல. இதெல்லாம் கவனக்குறைவா, இல்ல வேற வழி இல்லாம விட்டதா?

போன ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல சித்தப்பா வீட்டு வராண்டாவுல அவ தச்ச துணி பொம்மைய வெச்சு ரெண்டு நிமிச படம் எடுத்தோம், அதனாலதான் கேக்கறேன். எல்லா ஷாட்லயும் நூல் பல்ல இளிக்குது. மொத ஷாட்ல நல்ல வெயில், டீ குடிச்சுட்டு வந்து அடுத்தது எடுக்கறதுக்குள்ள மூட்டம் எறங்கி பின்னாடி இருந்த சில்வர் ஓக் மரமே காணோம். ரெண்டையும் ஒட்டி பாத்துட்டு புள்ள அழுதுட்டா.

கம்பிப்பாவை:
அண்ணா, பாப்பாவ அழ வேண்டாம்னு சொல்லுங்க, அது தண்டர்பேர்ட்ஸ்காரங்களே பட்ட பாடு. அவங்க பொம்மைய தொங்கவிட்டது வெறும் நூல் இல்லைங்க, ரொம்ப மெல்லிசான டங்ஸ்டன் கம்பி. வசனத்த முன்னாடியே டேப்ல பதிஞ்சு வெச்சு, அந்த குரலுக்கு ஏத்த மாதிரி மின்சாரம் கம்பி வழியா தலைக்குள்ள இருக்கற சோலினாய்டுக்கு, அதாவது கரண்டு வந்தா இழுக்கற சின்ன காந்தச் சுருளுக்கு போயி கீழ் உதட்ட அசைக்கும், அதனால கம்பிய எடுத்துட்டு சாதா நூல் போடவே முடியாது. தலை ஒடம்புக்கு பெருசா தெரியறதும் இந்த சாமான் எல்லாம் உள்ள இருக்கறதாலதான், அதே ஆளுங்க எடுத்து 1967ல வந்த கேப்டன் ஸ்கார்லெட் சீரியல்ல அத நெஞ்சுக்கு எறக்குன அப்புறம்தான் தலை சரியான அளவுக்கு வந்துச்சு.

மறைக்கறதுக்கு பின்னாடி செட் என்ன கலரோ அந்த கலர் பொடிய கம்பி மேல ஊதுவாங்க. கேமரா வழியா பாக்கறது, தெரியற எடத்துல இன்னும் கொஞ்சம் ஊதறதுன்னு ஒரு ஷாட்டுக்கே அரை மணி நேரத்துக்கு மேல போகும்னு அந்த பொம்மைகள ஆட்டுன கிறிஸ்டின் கிளான்வில் சொல்லியிருக்காங்க. அப்புறம் அன்னைக்கு அங்க ஜனங்க பாத்தது தெளிவு கம்மியான 405 கோடு கருப்பு வெள்ளை டிவியில. கலர் ஃபிலிம்லதான் எடுத்தாங்க, ஆனா அத ஒளிபரப்புன ஐடிவி சேனல்ல கலர் வந்ததே 1969லதான். இப்ப நாம அந்த 35 எம்எம் ஃபிலிம சுத்தம் பண்ணி பெரிய டிவில பாத்துட்டு கம்பி தெரியுதுன்னா அது அவங்க தப்பு இல்லைங்க.

கன்னங்குறிச்சி:
கம்பிக்கு ஒத்துக்கறேன், எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்க முடியாது. பச்சை மாறறதுக்கு காரணம் மாடல் ஒடஞ்சதுதான், ஷூட்டிங்ல அடிபட்டு புதுசா செஞ்சத பாத்துட்டு எஃபெக்ட்ஸ் பண்ண டெரெக் மெடிங்ஸே கலரும் சரியில்ல, வடிவமே வேறன்னு வருத்தப்பட்டிருக்காரு. இன்னொண்ணு, மொதல்ல 25 நிமிச எபிசோடாத்தான் எடுத்தாங்க. பணம் போட்ட லூ கிரேடு மொத எபிசோட பாத்துட்டு 50 நிமிசமா ஆக்குங்கன்னாரு, அதனால ஏற்கனவே எடுத்து வெச்சிருந்ததுக்குள்ள பின்னாடி எடுத்த காட்சிகள சொருக வேண்டியதாச்சு. நீங்க டீ குடிக்கற நேரத்துக்கே வெளிச்சம் மாறிடுச்சு, அங்க மாசக்கணக்குல இடைவெளி.

எனக்கு நிஜமாவே தப்புன்னு தோணறது வருசக் கணக்கு. கதை நடக்கறது 2065னு சொல்றாங்க, கடைசி கிறிஸ்மஸ் எபிசோடுல இருக்கற காலண்டர்ல 2026. அத செட்ல யாராவது ஒருத்தர் பாத்திருக்கணும்ங்க.

சேர்வராயன் அடிவாரம்:
எனக்கு 60 தாண்டிருச்சு தம்பி. சின்ன வயசுல மாரியம்மன் பண்டிகைக்கு பொம்மலாட்டம் பாத்திருக்கேன், ஆட்டறவரு தலையில ஒரு இரும்பு வளையம் மாட்டிருப்பாரு, நூலெல்லாம் அதுல இருந்துதான் தொங்கும், கைக்கு குச்சி. நூல் எல்லாருக்கும் தெரியும், கொஞ்ச நேரத்துல கண்ணு அத விட்டுட்டு பொம்மை மூஞ்சிக்கு போயிரும். பாப்பா படத்துலயும் பொம்மைய நல்லா ஆட விட்டா போதும். ஆனா அந்த நிஜ கை எனக்கும் புடிக்கலை, பொம்மைக்குன்னு ஒரு கை செஞ்சிருக்கலாம்.

அவசியம் நூல மறைக்கணும்னா பின்னாடி கருப்பு போர்வை கட்டி நூலுக்கும் மினுமினுப்பு இல்லாத கருப்பு அடிங்க. ஏற்காடு மூட்டத்துக்கு மட்டும் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது, வெளிய தெரியற ஷாட் எல்லாத்தையும் ஒரே மூச்சுல எடுத்துருங்க, வசனத்த அப்புறம் வீட்டுக்குள்ள வெச்சுக்கலாம்.

அஸ்தம்பட்டி அப்பா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கம்பி வழியா கரண்டு போகுதுன்னதும் அவ நோட்ட எடுத்து கம்பி தெரியுதுன்னு எழுதுன வரி எல்லாத்தையும் அடிச்சுட்டா, காலண்டர் 2026ன்னு புதுசா சேத்துக்கிட்டா. வர்ற சனிக்கிழமை விடிகாலையில கெளம்பறோம், 20 வளைவும் ஏறி வெயில் வர்றதுக்குள்ள வராண்டாவுல போர்வை கட்டிடணும்னு உத்தரவு. பெரியவர் சொன்ன கருப்பு பெயிண்ட் இப்பவே வாங்கி வெச்சாச்சு.