சூடானதும் நின்றுவிடும் ஏடிசி 200எஸ்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஒஹாயோவில் இருக்கிறேன். என்னிடம் உள்ளது 1985 மாடல் ஹோண்டா ஏடிசி 200எஸ், கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் மூன்று சக்கர வண்டி. பல வருடம் கொட்டகையில் சும்மா கிடந்தது.

கயிற்றை இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. கால் மணி நேரம் ஓடி இன்ஜின் சூடானதும் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. அப்போது பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க்கே இல்லை. ஆறவிட்டால் திரும்ப வந்துவிடுகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிட்டேன், பிளக்கும் புதுசு. கில் ஸ்விட்ச் (இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச்) ஒயரைப் பிரித்துவிட்டு ஓட்டினாலும் அதே கதைதான்.

கோளாறு பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலா, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சிடிஐ யூனிட்டா, ஸ்பார்க் வர வேண்டிய நேரத்துக்குச் சிக்னல் தரும் பல்சர் காயிலா? எனக்குப் பல்சர் காயில் மேல்தான் சந்தேகம். சூடாக இருக்கும்போதே மீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? அமெரிக்காவில் 1988லேயே இவ்வகை வண்டிகளின் விற்பனை நின்றுவிட்டதால், பாகங்களைக் குத்துமதிப்பாக வாங்கிப் போட மனமில்லை. இதைச் சரிசெய்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.