‘நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி’க்குத் தமிழில் என்ன?

ஐயா,

போர், வன்முறையால் மனம் காயப்பட்டவர்களுக்கான இந்தப் பேச்சுச் சிகிச்சையைத் தமிழில் ‘கதை வெளிப்படுத்தல் சிகிச்சை’ எனலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

அகராதிப்படி குறையில்லை. மண்டபத்து இலங்கை அகதிகள் முகாமில் சொல்லிப் பாருங்கள், தெரியும். யாழ்ப்பாணத்தாருக்குக் கதைப்பது என்றால் பேசுவது. இராமநாதபுரத்துக்காரர்களான நமக்கோ ‘கதை விடாதே’தான் முதலில் வாயில் வரும். 1983 முதல் கடல் தாண்டி வந்தவர்கள், நடந்ததை நடந்தது என்று மேசைக்கு மேசை மெய்ப்பித்தே களைத்தவர்கள். அதற்குக் ‘கதை’ என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

‘வெளிப்படுத்தல்’ அதைவிட மோசம். மொழிபெயர்ப்புக்கு உதவப் போனபோது இந்தச் சொல்லைத்தான் நானும் சொன்னேன். போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்மணி, “யாரிடம் வெளிப்படுத்தப் போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். மறுவாரம் வரவில்லை.

நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மேகி ஷவர், பிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய முறை இது. கயிற்றைத் தரையில் நீட்டி, பிறந்தது முதல் நடந்தவற்றில் நல்லதற்குப் பூவும் கொடியதற்குக் கல்லும் வைக்கச் சொல்வார்கள். (மணலில் பறித்துக்கொண்டு போன நித்தியகல்யாணியை, சுடுகாட்டுப் பூ என்று மன்னார் அம்மம்மா ஒருவர் ஒதுக்கிவிட்டார். கதம்பம் வாங்கி வந்தோம்.) பிறகு ஒவ்வொரு கல்லாக, எங்கே, எப்போது, அன்று உடம்பு என்ன செய்தது, இதோ இப்போது என்ன செய்கிறது என்று நிதானமாகச் சொல்ல வைப்பார்கள். பேரச்சத்தின் நினைவு, நாளும் இடமும் இல்லாமல் உதிர்ந்து கிடக்கிறது. அதனால்தான் பூட்ஸ் சத்தம் கேட்டதும் உடம்பு இன்றைக்கே நடப்பதுபோல் நடுங்குகிறது. உதிர்ந்ததைக் காலவரிசையில் கோப்பதுதான் இங்கே மருந்து. ஆகவே ‘கோத்துரை சிகிச்சை’.

மண்டபத்திலிருந்து

மறுமொழி:

கோ. துரை என்று யாரோ நடத்தும் வைத்தியம்போல் இருக்கிறதே! ஈழத்தில் மனவடு, உளவளத்துணை (கவுன்சலிங்), ஆற்றுப்படுத்தல் என்ற சொற்களெல்லாம் ஏற்கெனவே புழங்குகின்றன. ‘சிகிச்சை’ என்றதுமே பைத்தியப் பட்டம் வந்துவிடுமோ என்று மிரள்கிறவர்களும் உண்டு. ‘நினைவு கோர்த்தல்’ போதாதா?

மறுமொழி:

போதும். துரையை அனுப்பிவிட்டேன். ஆனால் ‘கோர்த்தல்’ அன்று, ‘கோத்தல்’. ஊசியில் நூல் கோத்தாள், மாலை கோத்தாள். இடையில் அந்த ‘ர்’ எங்கிருந்து வந்து ஒட்டியது? வியாழக்கிழமை முகாமுக்குப் போகிறேன். அந்த அம்மம்மாவிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறேன். அவர் ஒதுக்கினால் மறுபடி எழுதுகிறேன்.