ஜெராக்ஸ் கடைக் கணினியில் தங்கிவிடும் ஆதார்: புதிய சட்டம் இதற்குப் பொருந்துமா?

கேள்வி: தென்காசிக்காரன்

என் தாயாரின் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு ஆதார் நகல் எடுக்க, நேற்று பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கோப்பைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். அது கடவுச்சொல் கேட்கவே, கடைப் பையன் "பேரோட முதல் நாலு எழுத்து, பொறந்த வருஷம் சொல்லுங்க" என்றான். வரிசையில் நின்றவர்கள் அனைவரும் கேட்கும்படி நானும் சொன்னேன். பணம் கொடுக்கும்போதுதான் திரையைக் கவனித்தேன். டவுன்லோட்ஸ் கோப்புறையில் யார் யாருடைய ஆதாரோ, பான் அட்டையோ, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமோ வரிசையாகக் கிடந்தன. "இதையெல்லாம் அழிக்க மாட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். "இடம் பத்தாமப் போனா அழிப்போம் சார்" என்றான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய கடைக்கும் பொருந்துமா? வீட்டில் கணினியோ பிரிண்டரோ இல்லாதவர்கள் வேறு என்னதான் செய்வது?

பதில் 1: ஏட்டுச்சட்டம்

பொருந்தும் என்பதே என் புரிதல். சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு மட்டுமே விலக்கு உண்டு, வணிகத்துக்கு இல்லை. எந்த வேலைக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த வேலை முடிந்ததும் அதை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அழித்தல், பாதுகாப்பு முதலிய முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன.

அதுவரை இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. அதன்படி, அலட்சியத்தால் நட்டம் நேர்ந்தது என்று நிறுவினால் இழப்பீடு கேட்கலாம். ஆயினும் அதற்கான 2011ஆம் ஆண்டு விதிகளில், கூடுதல் பாதுகாப்பு வேண்டிய நுண்தகவல்களின் பட்டியலில் வங்கிக் கணக்கு விவரமும் கைரேகையும் உள்ளனவே தவிர, ஆதார் எண் இல்லை. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது இந்தப் பிரிவும் போய்விடும். 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று செய்திகளில் பெரிதாகப் போட்டார்களே, அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு காசும் கிடையாது. இதைப் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

பதில் 2: கடைமுதலாளி

நான் பதினான்கு ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். அழித்துவிட்டால், மறுமாதம் அதே வாடிக்கையாளர் வந்து "போன தடவை அனுப்பினேனே, அதையே எடுங்க" என்பார். இல்லை என்றால் கோபித்துக்கொள்வார். அது ஒருபுறம் இருக்க, பிரவுசிங் சென்டர்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், கணினியில் அமர்பவரின் அடையாளச் சான்றையும் அவர் பார்த்த தளங்களின் பதிவையும் ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது, தடுப்புக்கு வெளியே இருக்கும் கணினிகளின் திரை கடைக்குள் உள்ள பொது இடத்தை நோக்கியே இருக்க வேண்டும் என்றுகூட அதில் உண்டு. "வைத்துக்கொள், எல்லோருக்கும் தெரியும்படி வை" என்று பழக்கிவிட்டு, இப்போது "அழி" என்றால் எங்களைப் போன்றவர்கள் குழம்பத்தானே செய்வோம்? அச்சுக்கு வரும் ஆவணங்களை அந்த விதி குறிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது கடை மூடும்போது கோப்புறையையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுகிறேன்.

பதில் 3: வைகைக்கரை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆதார் தளத்தில் பதிவிறக்கும்போதே மறைக்கப்பட்ட ஆதாரைத் தேர்ந்தெடுத்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும். அதையும் ஏற்க மறுக்கும் அலுவலகங்கள் உண்டு. கேட்டுப் பார்த்துவிட்டு முழு எண்ணைக் கொடுங்கள். வேறு யாரும் பயன்படுத்தாதபடி ஆதாரில் கைரேகையைப் பூட்டும் வசதியும் இருக்கிறது. ஆனால் பூட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போனால் விரல் பதியாது என்பதால், வயதானவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. நகலை வைத்து வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்றறிய, உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

பதில் 1இல் எனக்கு ஓர் உடன்பாடின்மை உண்டு. இழப்பீடு இருந்தாலும், எந்தக் கடையிலிருந்து எந்த நகல் கசிந்தது என்று ஓய்வூதியக்காரர் எப்படி நிறுவுவார்? ஊர்தோறும் கண்ணாடி இழை வருவதை இணையம் வந்துவிட்டதாகக் கணக்கெழுதுகிறோம். விண்ணப்பத்தைத் தன் கையால் நிரப்ப முடியாதவருக்கு இணையம் என்பது அடுத்தவர் கணினிதான். அங்கே ஒப்புதல் கேட்டாலும் அவரால் மறுக்க முடியாது. இ-சேவை மையங்களிலும் நூலகங்களிலும், தானே அச்செடுத்துக்கொண்டு தானே அழித்துவிட்டுப் போகும்படி ஒரு பொதுக் கணினி இருந்தால், இந்தப் புகார்களில் பாதி எழாது.

தென்காசிக்காரன்

மூவருக்கும் நன்றி. இன்று காலை மீண்டும் கடைக்குப் போனேன். பையன் முகம் சுளிக்காமல் என் கண்ணெதிரே கணினியில் இருந்ததை அழித்தான். பிறகு கடையின் கைப்பேசியையும் பார்க்கச் சொன்னேன். வாட்ஸ்அப் ஆவணங்களில் அம்மாவின் ஆதார் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே எங்கள் தெருக்காரர் ஒருவருடையதும் இருந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, மாலையில் போய்ச் சொல்ல வேண்டும்.